துணை என்றால் சும்மாவா?
(சிங்கப்பூரின் கோ கெங் சுவீ பற்றி)

இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை



மாணவர் பேரவைத் தேர்தல் வரும்போதெல்லாம் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். தலைவர் பதவிக்கு ஆறு பேர் முட்டி மோதுவார்கள். செயலாளர் பதவிக்கு நாலு பேர். துணைத் தலைவர் பதவிக்கு மட்டும் ஆளே கிடைக்காது. கடைசி நாள் மதியம் யாரையாவது கேன்டீனிலிருந்து இழுத்து வந்து மனுவில் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும். துணைத் தலைவருக்கு என்ன வேலை? ஆண்டு விழா மேடையில் ஓரத்து நாற்காலி. தலைவருக்குத் தொண்டை கட்டினால் நன்றியுரை. அவ்வளவுதான்.

ஆனால் ஒரு நாட்டில் அந்த ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவர், தொழிற்சாலை, ராணுவம், பணம், பள்ளிக்கூடம் என்று நாலா பக்கமும் கை வைத்திருக்கிறார். நல்லதும் செய்தார், சிலருக்கு வலிக்கவும் செய்தார். அவர்தான் சிங்கப்பூரின் துணைப் பிரதமராக இருந்த டாக்டர் கோ கெங் சுவீ. இந்த மலரில் காமராசரைப் பற்றியும் கலாமைப் பற்றியும் எப்படியும் இரண்டு கட்டுரை வரும், அதனால் நான் இவரை எடுத்துக்கொண்டேன்.

இவர் பெயர் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் பெரியப்பா மகன் பத்தாம் வகுப்போடு நின்று, பட்டறையில் வெல்டிங் பழகி, சிங்கப்பூரில் ஜூரோங் என்ற இடத்தில் வேலை செய்கிறான். நம் சீனியர்களிலும் பாதிப் பேர் கனவில் சிங்கப்பூர் இருக்கிறது. ஜூரோங், ஜூரோங் என்று வீட்டில் தினமும் பேச்சு. அது என்னடா ஊர் என்று நூலகத்தில் தேட ஆரம்பித்தேன். தேடினால் ஊருக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்கிறார்.

முதலில் நமக்கெல்லாம் பிடித்த ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன். இவரும் ஒரு டிப்ளமாதான்! 1939-ல் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் கல்லூரியில் படித்து முடித்தபோது அவருக்குக் கிடைத்தது பட்டம் இல்லை, டிப்ளமா. அந்தக் கல்லூரிக்கு அன்றைக்குப் பட்டம் கொடுக்கும் உரிமையே கிடையாது. வெள்ளைக்காரர்கள் தங்கள் அலுவலகங்களுக்கு உள்ளூர்ப் படிப்பாளிகள் இந்த அளவுக்கு இருந்தால் போதும் என்று நினைத்த காலம். பிறகு அவர் லண்டன் போய்ப் பொருளாதாரத்தில் முதல் வகுப்புப் பட்டம் வாங்கியது 1951-ல். நடுவில் பன்னிரண்டு வருஷம். லேட்டரல் என்ட்ரிக்கு இடம் கிடைக்குமா என்று இப்போதே முகம் வாடி உட்கார்ந்திருக்கும் நண்பர்கள் இந்தக் கணக்கை ஒரு தரம் போட்டுப் பார்க்கலாம்.

அவர் பிறந்தது 1918 அக்டோபர் 6-ம் தேதி, மலாக்காவில். இன்றைக்கு அது மலேசியா. சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே குடும்பம் சிங்கப்பூருக்கு வந்துவிட்டது. பல தலைமுறைகளுக்கு முன்பே வந்து மலாய்ப் பழக்கவழக்கங்களோடு கலந்துபோன சீனக் குடும்பம். அப்பா ரப்பர் தோட்ட மேலாளர். தெருவிளக்கில் படித்தார், பட்டினி கிடந்தார் என்றெல்லாம் நான் எழுத முடியாது, ஏனென்றால் அப்படி நடக்கவில்லை. அம்மா வழியில் பெரிய பெரிய சொந்தக்காரர்கள். பிற்காலத்தில் மலேசிய நிதியமைச்சராக இருந்த டான் சியூ சின் இவருக்கு உறவு முறையில் சகோதரர். சிங்கப்பூர் நிதியமைச்சர் ஒரு பக்கம், கோலாலம்பூர் நிதியமைச்சர் மறுபக்கம், இரண்டு பேரும் ஒரே குடும்பம், இரண்டு பேருக்கும் ஆகாது! நம்ம ஊர்ப் பங்காளிச் சண்டை மாதிரிதான்.

ராபர்ட் என்று ஒரு கிறிஸ்தவப் பெயரும் அவருக்கு வைத்திருந்தார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாராம்.

டிப்ளமா முடித்ததும் போர்க்கால வரி அலுவலகத்தில் வேலை. கூடவே தொண்டர் படையிலும் சேர்ந்தார். 1942 பிப்ரவரி 15-ம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர்களிடம் விழுந்தது. அசைக்க முடியாது என்று சொல்லப்பட்ட வெள்ளைக்காரன் கோட்டை அப்படிச் சரிந்ததை நேரில் பார்த்த தலைமுறை அது. போர் முடிந்து அவர் சமூகநலத் துறையில் சேர்ந்தார். அங்கிருந்து உதவித்தொகையில் லண்டன். அங்கே 1949-ல் மலாயா மாணவர்கள் கூடிப் பேச ஒரு மன்றம் அமைத்தார்கள். நாட்டு விடுதலையைப் பற்றிப் பேசும் மன்றம், கோ அதற்கு முதல் தலைவர். லீ குவான் யூ, டோ சின் சாய், பின்னாளில் மலேசியப் பிரதமரான அப்துல் ரசாக் எல்லோரும் அந்தக் கூட்டத்தில் பழகியவர்கள்தான். மாணவர் மன்றத்தை லேசாக நினைக்காதீர்கள் என்று நம் முதல்வரிடம் யாராவது சொன்னால் தேவலை.

லீ குவான் யூவுக்கு அதற்கு முன்பே இவரைத் தெரியும். ராஃபிள்ஸ் கல்லூரியில் லீ மாணவராக இருந்தபோது பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவர்களில் கோவும் ஒருவர். அதாவது பிற்காலத்துத் துணைப் பிரதமர், பிற்காலத்துப் பிரதமருக்குப் பாடம் நடத்தியவர்.

ஊர் திரும்பிய பின் சமூகநலத் துறைக்காக வீடு வீடாகக் கணக்கெடுக்கும் ஆய்வு ஒன்றை நடத்தினார். நகரத்து மக்கள் என்ன சம்பாதிக்கிறார்கள், எப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறார்கள் என்ற ஆய்வு. ஒரே கடைவீட்டு மாடியைத் தட்டி வைத்துத் தடுத்து, ஒவ்வொரு தடுப்பிலும் ஒரு குடும்பம். வறுமையைப் பற்றி மேடையில் பேசுவதற்கு முன்னால் அதை எண்ணிப் பார்த்தவர் அவர், எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான். 1952-ல் இன்னொரு சண்டை. ஐரோப்பிய அதிகாரிகளுக்குக் குடும்பப்படி உண்டு, அதே நாற்காலியில் உட்காரும் உள்ளூர் அதிகாரிக்குக் கிடையாது. கோவும் கென்னி பர்ன் என்ற நண்பரும் ஊழியர் சங்கங்களை ஒன்றுசேர்த்துப் போராடினார்கள். அப்போது அவர் அரசு ஊழியர் என்பதை ஞாபகத்தில் வையுங்கள்.

1954 நவம்பரில் மக்கள் செயல் கட்சி தொடங்கியது. 1959 தேர்தலில் 51 இடங்களில் 43 அந்தக் கட்சிக்கு. லீ பிரதமர், டோ சின் சாய் துணைப் பிரதமர், கோ நிதியமைச்சர். கலாசார அமைச்சர் எஸ். ராஜரத்தினம், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்த தமிழர். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

நிதியமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தால், அந்த வருஷம் 1 கோடியே 40 லட்சம் டாலர் துண்டு விழும் என்று தெரிந்தது. கோ என்ன செய்தார்? அரசு ஊழியர் சம்பளத்தில் கை வைத்தார்! எந்த ஊழியர்களோடு சேர்ந்து ஏழு வருஷம் முன்னால் படிக்காகப் போராடினாரோ, அவர்கள் பணத்திலேயே வெட்டு. அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? வருஷ முடிவில் துண்டு போய், 10 லட்சம் டாலர் மிச்சம் என்று கணக்குக் காட்டினார். கணக்குச் சரிதான். வயிறு எரிந்தவர்களும் இருந்திருப்பார்கள்.

இனி ஜூரோங் கதைக்கு வருகிறேன். நம்ம துறைக்காரர்கள் கவனமாகப் படிக்கவும்.

சிங்கப்பூர் அப்போது 600 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான தீவு. 1957 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 14 1/2 லட்சம். பிழைப்பு என்றால் துறைமுகம், வியாபாரம், ஆங்கிலேயர் படைத்தளம். கப்பலில் வரும் சாமானை இறக்கி இன்னொரு கப்பலில் ஏற்றுவதில் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும்? பிள்ளைகள் வருஷா வருஷம் பள்ளி முடித்து வெளியே வருகிறார்கள். தொழிற்சாலைதான் வழி. 1960-ல் ஐக்கிய நாடுகள் சபை ஒரு குழுவை அனுப்பியது. அதற்குத் தலைவர் நெதர்லாந்துக்காரர் ஆல்பர்ட் வின்செமியஸ். அந்தக் குழுவின் யோசனைகளை வைத்து 1961 ஆகஸ்டில் பொருளாதார வளர்ச்சிக் கழகம் ஆரம்பித்தார்கள். முதல் தலைவர் ஹோன் சுய் சென்.

இடம் வேண்டுமே? தீவின் மேற்குக் கோடியில் ஜூரோங். அலையாத்திச் சதுப்பு, இறால் குளங்கள், சின்னச் சின்னக் குன்றுகள், சில கிராமங்கள். குன்றுகளை வெட்டி அந்த மண்ணாலேயே சதுப்பை நிரப்பினார்கள். வெட்டுவதும் நிரப்புவதும் சமமாக வரும்படி மட்டம் பார்ப்பது சர்வே பாடத்தில் வருகிறது இல்லையா, சிவில் நண்பர்களுக்குத் தெரியும். பிறகு சாலை, மின்சாரம், தண்ணீர், சரக்கு ரயில் பாதை, 1965-ல் துறைமுகம். இருந்த கிராமத்துக்காரர்கள் எழும்பிப் போக வேண்டியதாயிற்று. இறால் குளம் வைத்திருந்தவனுக்குத் தொழிற்பேட்டையால் என்ன லாபம்? இந்தக் கேள்விக்குப் புத்தகங்களில் ரெண்டு வரிக்கு மேல் இடம் இல்லை.

1962-ல் தேசிய இரும்பு எஃகு ஆலைக்கு கோ அடிக்கல் நாட்டினார். பெரிய ஆலை வந்துவிட்டது, இனி சரசரவென்று வரிசை கட்டி வருவார்கள் என்று எதிர்பார்ப்பு. யாரும் வரவில்லை! மனைகள் வெறுமனே கிடந்தன. தூரம் அதிகம், வேலைக்கு ஆள் போக மாட்டேன் என்கிறான், இந்தோனேசியாவோடு தகராறு, வியாபாரம் படுத்துவிட்டது. ஊரார் அந்த இடத்துக்குக் கோவின் முட்டாள்தனம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வருஷக்கணக்கில் அந்தப் பெயர் ஓடியது. நம்ம ஊரில் ஒரு பஞ்சாயத்துத் தலைவர் கட்டிய தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை என்றால் அவர் பெயரை வைத்து எப்படிக் கூப்பிடுவோம், அது மாதிரி.

அதற்குள் நாட்டின் தலையெழுத்தே மாறியது. 1963 செப்டம்பர் 16-ம் தேதி சிங்கப்பூர் மலேசியாவோடு சேர்ந்தது. சேர்வதற்கு ஏழு மாதம் முன்னால், அந்தப் பிப்ரவரியில், இடதுசாரிகள், தொழிற்சங்கத்தார், பத்திரிகைக்காரர்கள் என்று நூற்றுக்கும் மேற்பட்டவர்களை ஒரே இரவில் பிடித்து விசாரணை இல்லாமல் உள்ளே வைத்தார்கள். அந்த முடிவை எடுத்த பாதுகாப்புச் சபையில் ஆங்கிலேயர், மலாயா பிரதிநிதிகளோடு சிங்கப்பூர் சார்பில் உட்கார்ந்த மூவரில் கோவும் ஒருவர். சிலர் பல வருஷம் வெளியே வரவில்லை. இவரைப் புகழ்ந்து எழுதும்போது இதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

மலேசியாவோடு சேர்ந்தால் பொதுச் சந்தை கிடைக்கும், ஜூரோங் ஆலைகளின் சரக்கு அங்கே விலைபோகும் என்பது கோவின் கணக்கு. சந்தை கிடைக்கவில்லை. வரி, பங்கு என்று உறவுக்கார நிதியமைச்சரோடு ஓயாத வாதம்தான் கிடைத்தது. 1964-ல் சிங்கப்பூரில் சீனர் மலாய்க்காரர் கலவரம், உயிர்ச் சேதம். 1965 ஜூலையில் பிரதமர் லீ, கொஞ்சம் தளர்வான ஏற்பாடு ஏதாவது உண்டா என்று பேசிப் பாரும் என்று கோவை கோலாலம்பூருக்கு அனுப்பினார். அங்கே மலேசியத் துணைப் பிரதமர் ரசாக். லண்டன் நாளிலிருந்தே தெரிந்தவர். பேச்சு நடந்தது இரண்டு பழைய மாணவர்களுக்கு நடுவில்.

கோ தளர்வான ஏற்பாட்டைப் பற்றிப் பேசவே இல்லை. இனி ஒட்டாது, சுத்தமாகப் பிரிந்துவிடுவோம் என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். அந்தப் பேச்சுக்கு எழுத்தில் அதிகாரம் வேண்டும் என்று ஜூலை 26-ம் தேதி லீயிடம் கடிதமும் வாங்கிக்கொண்டார். வாய்ப்பேச்சை நம்பாமல் கையெழுத்து வாங்கிய ஆள்! இந்தக் காகிதங்களை எல்லாம் அவர் ஒரு கோப்பில் போட்டு வைத்தார். அதற்கு அல்பட்ராஸ் என்று பெயர். ஒரு பழைய ஆங்கிலக் கவிதையில் மாலுமி ஒருவன் கழுத்தில் தொங்கும் கடற்பறவை அது. மலேசியா நம் கழுத்தில் தொங்கும் சுமை என்று சொல்லாமல் சொல்லியிருக்கிறார். இந்த விவரம் எல்லாம் பல வருஷம் கழித்துத்தான் வெளியே வந்தது. அதுவரை எல்லோரும் சிங்கப்பூரை மலேசியா வெளியே தள்ளிவிட்டது என்றே நினைத்திருந்தார்கள். தொலைக்காட்சியில் லீ கண்ணீர் விட்டதைப் பார்த்தவர்கள் வேறென்ன நினைப்பார்கள்?

ஆகஸ்ட் 7-ம் தேதி பிரிவினை ஒப்பந்தத்தில் கையெழுத்து. டோவும் ராஜரத்தினமும் போட மாட்டேன் என்று நின்றார்கள். டோ தைப்பிங்கில் பிறந்தவர், ராஜரத்தினம் சிரெம்பானில் வளர்ந்தவர், உற்றார் உறவெல்லாம் அந்தப் பக்கம். வேறு வழியே இல்லை என்று தெரிந்த பிறகுதான் போட்டார்கள். கோவுக்கும் அப்படித்தானே? அவர் பிறந்த மலாக்கா அந்தக் கையெழுத்தோடு வெளிநாடு ஆனது. அவர் கண் கலங்கியதாக எங்கும் படிக்கவில்லை.

9-ம் தேதி தனி நாடு. ராணுவம் என்று பார்த்தால் இரண்டு காலாட்படைப் பிரிவுகள், அவ்வளவுதான். பொருளாதாரம் படித்த கோவைப் பாதுகாப்பு அமைச்சர் ஆக்கினார்கள். போருக்கு முன் தொண்டர் படையில் கொஞ்ச நாள் துப்பாக்கி பிடித்த அனுபவம் இருந்தது. இந்தியாவிடம் உதவி கேட்டார்கள், எகிப்திடம் கேட்டார்கள். கடைசியில் இஸ்ரேலிலிருந்து பயிற்சியாளர்கள் வந்தார்கள். சுற்றிலும் முஸ்லிம் நாடுகள் என்பதால் வந்தவர்களை மெக்சிகோக்காரர்கள் என்று சொல்லிச் சமாளித்தார்கள். 1967-ல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம். பதினெட்டு வயது ஆண் பிள்ளைகள் படைக்குப் போக வேண்டும். என் வயசு! அதே வருஷம் துப்பாக்கிக் குண்டு செய்ய ஒரு தொழிற்சாலை. லேத்தும் மில்லிங்கும் கற்றவர்களுக்கு அங்கே வேலை கிடைத்தது.

பணத்திலும் அப்படித்தான். 1967-ல் சொந்த நாணயம் வெளியிட்டபோது, கையிருப்பு இல்லாமல் ஒரு நோட்டுகூட அச்சடிக்க முடியாத மாதிரி ஏற்பாடு செய்தார். அரசாங்கத்துக்குக் கை நீளும் என்று அவருக்குத் தெரியும், அதனால் அரசாங்கத்தின் கையையே கட்டிப் போட்டார். அரசாங்கம் என்றால் அவரே தானே!

1968 ஜனவரியில் இன்னொரு இடி. 1971-க்குள் படைத்தளங்களைக் காலி செய்கிறோம் என்று ஆங்கிலேயர் அறிவித்தார்கள். நாட்டின் வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பி இருந்தது. செம்பவாங் கடற்படைக் கப்பல் பட்டறையைப் பேருக்கு ஒரு டாலர் விலைக்கு வாங்கி, வியாபாரக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் நிறுவனமாக மாற்றினார்கள். அதே வருஷம் புதிய தொழிலாளர் சட்டங்கள் வந்தன. வேலைக்கு எடுப்பது, நிறுத்துவது, இடம் மாற்றுவது எல்லாம் முதலாளி இஷ்டம், அதைப் பற்றிச் சங்கம் பேரம் பேச முடியாது என்று ஆனது. வெளிநாட்டுக் கம்பெனிகள் நம்பி வந்தன. 1960-களின் கடைசியில் அமெரிக்க மின்னணுக் கம்பெனிகள் வரிசையாகத் தொழிற்சாலை திறந்தன. ஜூரோங்கிலும் 1968-ல் 150-க்கும் மேற்பட்ட ஆலைகள் ஓடிக்கொண்டிருந்தன. முட்டாள்தனம் என்று சொன்னவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். என் அப்பா மூட்டை தூக்கும் தொழிலாளி, சங்கத்துக்காரர். அவரிடம் இதைப் படித்துக் காட்டினேன். வேலை கொடுத்தது சரி, வாயைக் கட்டியது சரியா என்று கேட்டார். வேலையே இல்லாதவனுக்கு வாய் இருந்து என்ன என்று நான் கேட்டேன். இரண்டு பேரும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆலைகளோடு கோ நிறுத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1967-ல் ரியோ டி ஜனீரோவில் ஒரு கூட்டத்துக்குப் போனவர், அங்கே பெரிய பறவைக் கூடம் ஒன்றைப் பார்த்தார். ஜூரோங் தொழிலாளி ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவான் என்ற யோசனை வந்தது. 1971-ல் ஜூரோங் பறவைப் பூங்கா திறந்தது. விலங்குகளுக்குக் கறி போடுவதைவிடப் பறவைக்குத் தானியம் போடுவது மலிவு என்பதால்தான் முதலில் பறவை என்று ஒரு பேச்சு உண்டு. அவர் புத்தியைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. பிறகு 1973-ல் விலங்குப் பூங்காவும் வந்தது. 1979-ல் ஒரு சிம்பொனி இசைக்குழுவும். சத்தமே சோறுபோடும் ஊரில் கொஞ்சம் சங்கீதமும் இருக்கட்டும் என்று நினைத்திருப்பார் போல.

1973 மார்ச்சில்தான் அவர் துணைப் பிரதமர் ஆனார். 1968-ல் டோ சின் சாய் அந்தப் பதவியை விட்டு இறங்கிய பிறகு ஐந்து வருஷம் அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. இதில் ஒரு விஷயம் உண்டு. சிங்கப்பூர் அரசியல் சட்டத்தில் துணைப் பிரதமருக்கென்று தனி அதிகாரம் எதுவும் எழுதி வைக்கவில்லை. பிரதமருக்கு உடம்பு சரியில்லை, வெளிநாடு போகிறார் என்றால், அதிபர் எந்த அமைச்சருக்கு எழுதிக் கொடுக்கிறாரோ அவர் பிரதமர் வேலையைப் பார்க்கலாம். துணைப் பிரதமர் இல்லாமலும் நாடு ஓடும், ஓடியது. அப்படியானால் அந்தப் பதவிக்கு எடை எங்கிருந்து வருகிறது? உட்காருகிற ஆளிடமிருந்துதான். கோ பாதுகாப்பையும் கையில் வைத்துக்கொண்டு துணைப் பிரதமராக இருந்தார். 1979-ல் கல்விக்குப் போனார். 1980-ல் நாணய வாரியத்தைப் பார்த்தார். 1981-ல் நாட்டின் சேமிப்பை வெளிநாடுகளில் முதலீடு செய்ய ஒரு நிறுவனம் அமைத்தார். அந்த 1980-ல் ராஜரத்தினம் இரண்டாவது துணைப் பிரதமர் ஆனதும், இவர் முதல் துணைப் பிரதமர் என்று ஆனார். எங்கே ஒழுகுகிறதோ அங்கே இவரை அனுப்பினார் லீ. பிரதமர் பதவி மட்டும் இவருக்கு வரவில்லை. அதற்கு இவர் ஆசைப்பட்டதாகவும் தெரியவில்லை.

கல்விதான் எனக்குச் சங்கடமான பகுதி.

பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் நிறையப் பேர் பாதியில் நின்றார்கள். கோ அதை ஆராயப் பாதுகாப்பு அமைச்சில் இருந்த பொறியாளர்களைக் கூட்டி வந்தார். ஆசிரியர்களை விட்டுவிட்டுப் பொறியாளர்கள்! தொழிற்சாலையில் கழிவு எங்கே விழுகிறது என்று பார்ப்பது போல் பள்ளியைப் பார்த்தார்கள். கண்டுபிடித்தது உண்மைதான். வீட்டில் பிள்ளை பேசுவது ஹொக்கியன் போன்ற ஒரு சீனக் கிளைமொழி, பள்ளியில் ஆங்கிலமும் மாண்டரினும். இரண்டும் அதற்கு அந்நிய மொழி. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வேகத்தில் ஓட முடியாது, ஆகவே வேகத்துக்குத் தக்கபடி பிரிப்போம் என்று 1979 அறிக்கை சொன்னது. மூன்றாம் வகுப்பு முடிவில் பரீட்சை. நன்றாகப் படிக்கிறவர்களுக்கு ஆறு வருஷத் தொடக்கக் கல்வி. கொஞ்சம் மெதுவானவர்களுக்கு எட்டு வருஷம். அதற்கும் கீழே ஒருமொழிப் பிரிவு, அந்தப் பிள்ளைகள் பெரிய பரீட்சையே எழுதாமல் தொழிற்பயிற்சிக்குப் போவார்கள். வயசு என்ன? ஒன்பது!

பாதியில் நிற்பவர்கள் குறைந்தார்கள் என்பது உண்மை. எதுவுமே புரியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வெளியேறுவதைவிட, ஒரு தொழிலாவது கையில் இருப்பது மேல் என்று அவர் நினைத்திருக்கலாம். நானும் நினைத்துப் பார்க்கிறேன். மூன்றாம் வகுப்பில் எனக்கு ஆங்கில எழுத்துகள் மட்டும் தெரியும், கூட்டிப் படிக்கத் தெரியாது. வீட்டில் கேட்க ஆள் இல்லை. அப்பா கைநாட்டு, அம்மா தன் பெயரை மட்டும் எழுதுவார். ஆறாம் வகுப்பில்தான் ஒரு ஆசிரியை உட்கார வைத்து உயிர் கொடுத்தார். எழுத்து கூடிற்று, கணக்கும் கூடிற்று. ஒன்பது வயசில் என்னைத் தராசில் போட்டிருந்தால் எந்தத் தட்டில் விழுந்திருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இந்த மலரில் இந்தக் கட்டுரை இருந்திருக்காது. நம் வகுப்பில் கையை உயர்த்தச் சொன்னால் என்னோடு பாதிப் பேர் உயர்த்துவீர்கள்.

ராஃபிள்ஸ் கல்லூரி டிப்ளமாவுக்குப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பட்டம் வாங்கியவர், பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் அந்த நிதானத்தைக் கொடுக்கவில்லை? நாடு அவசரத்தில் இருந்தது என்பார்கள். இருக்கலாம்.

1984 கடைசியில் அரசியலிலிருந்து ஒதுங்கினார், அப்போது வயது 66. துணைப் பிரதமராக ஏறக்குறைய 12 வருஷம். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. அடுத்த வருஷமே சீன அரசு, கடலோரச் சிறப்புப் பொருளாதார மண்டலங்களுக்கு ஆலோசகராக அவரைக் கூப்பிட்டது. ஜூரோங் சதுப்பில் கற்ற பாடம் சீனக் கடற்கரைக்குப் போனது. மக்சேசே விருது 1972-லேயே கிடைத்திருந்தது. கடைசி வருஷங்களில் உடல்நலம் கெட்டு, வெளியே வராமல், யாரோடும் அதிகம் பேசாமல் இருந்தார். 2010 மே 14-ம் தேதி இறந்தார். வயது 91. நான் அப்போது நடை பழகிக்கொண்டிருந்த குழந்தை. அரசு மரியாதையோடு தகனம் செய்தார்கள்.

அவர் போட்டவை எல்லாம் அப்படியே நிற்கவில்லை. தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளைப் பிரிக்கும் முறையை 2008-ல் கைவிட்டார்கள். உயர்நிலைப் பள்ளியிலும் 2024-ல் புதிதாகச் சேர்ந்த மாணவர்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாக நிலை பார்க்கிறார்கள். கணக்கில் கெட்டியாக இருப்பவன் மொழியில் மெதுவாகப் போகலாம். ஜூரோங் பறவைப் பூங்காவை 2023 ஜனவரியில் மூடி, பறவைகளை மண்டாய் என்ற இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஜூரோங்கில் ஆலைகள் ஓடுகின்றன. பெரியப்பா மகனுக்கு இந்த வாரம் இரவு ஷிப்ட்.